வெங்காயக் கொல்லையில் டீசல்

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. அதனால் யார் பெயரையும் போடாமல் இதை எழுதுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. என் வீட்டுக்காரரை 'அவர்' என்றால் போதும். ஊரில் கொஞ்ச காலம் அவரை 'டீசல்' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பட்டம் அவருக்கு எப்படி வந்தது, அதற்காக என் விதை வெங்காயம் எப்படிப் போனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் பிறந்தது பெரம்பலூருக்கு மேற்கே. அங்கே சின்ன வெங்காயம்தான் எல்லாம். தொண்ணூற்றைந்தில் கல்யாணமாகிக் கீழப்பழுவூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்தேன். இங்கே நெல், கடலை, சோளம் என்று போடுவார்கள். வெங்காயம் போடுகிறவர்கள் அபூர்வம். என் அப்பா சீர்ச் சாமான் ஏற்றிய வண்டியிலேயே பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை விதை வெங்காயத்தையும் ஏற்றிவிட்டார். பிறகு ஒருநாள் ஆளோடு வந்து எங்கள் கிணற்றடி நிலமான கிணற்றுக் கொல்லை ஓரமாக ஒரு பட்டறையும் போட்டுக் கொடுத்தார். பட்டறை என்றால் வேறொன்றுமில்லை. கல் அடுக்கி, மேலே மூங்கில் பரப்பி, காற்றோடும்படி சுற்றிலும் படல் கட்டி, ஓலை வேய்ந்த வெங்காயக் கொட்டகை.

சின்ன வெங்காயத்துக்கு விதை அந்த வெங்காயமேதான். ஒரு பட்டத்தில், அதாவது ஒரு நடவுப் பருவத்தில், எடுத்ததில் நல்ல காயாகப் பார்த்துப் பட்டறையில் போட்டுவைத்து, அடுத்த பட்டத்தில் நட வேண்டும். ஒரு பட்டம் நடாமல் விட்டால் பாதி முளைத்துப் போகும், பாதி அழுகிப் போகும். அப்படி விடாமல், என் அப்பா கொடுத்த விதையை நான் பத்து வருஷம் நட்டு நட்டுக் காப்பாற்றி வந்தேன். நகை அடகுக்குப் போனது, அண்டா ஓட்டையானது, அந்த விதை மட்டும் என்னோடு நின்றது. அது என்னுடையது என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

சுத்தமான எரிபொருள் என்ற பேச்சும் எனக்குப் புதிதல்ல. நான் வந்த புதிதிலேயே ஊரில் வீட்டுக்கு வீடு, கூரைக்கு மேல் புகை போகக் குழாய் வைத்த புகையில்லா அடுப்பு போட்டுக் கொடுத்தார்கள். அடுப்பின் வாய் சின்னது, எங்கள் கருவேல விறகு பெரியது. விறகைச் சின்னதாக உடைக்க யாருக்கும் நேரமில்லை, அதனால் அடுப்பின் வாயை உடைத்துப் பெரிதாக்கினோம். அதற்கப்புறம் புகை குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேராக என் முகத்துக்கே வந்தது. குழாய் போட்ட ஓட்டை வழியாக மழை மட்டும் ஒழுங்காக உள்ளே வந்தது. கடைசியில் என் மாமனார் குழாயைக் கழற்றி வரப்பில் மடையாக வைத்தார், அங்கே அது நன்றாக வேலை செய்தது. புகை தின்றே கண் கெட்டவள் நான். புகை ஒழிய வேண்டும் என்ற ஆசையில் எந்த அதிகாரிக்கும் நான் குறைந்தவள் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை நாட்டு முன்னேற்றத்துக்கு விரோதி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் அவர் அரியலூரில் ஏதோ விவசாயிகள் கூட்டம் என்று போனார். மத்தியானம் பிரியாணி என்று சொல்லியிருந்தார்கள், அவர் போனது அதற்குத்தான். பிரியாணி சாப்பிடப் போன மனிதர் தேசபக்தராகத் திரும்பி வந்தார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடக்கூட இல்லை.

"புள்ள, இனிமே நம்ம நாடு எண்ணெய்க்கு எவன்கிட்டயும் கையேந்த வேண்டியதில்ல."

"எந்த எண்ணெய்ங்க? கடல எண்ணெயா?"

"டீசல்டி!"

நான் அவருடைய சைக்கிளைப் பார்த்தேன். அதற்குச் செயின் சத்தம் போடாமலிருக்க ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லி எத்தனையோ நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைச் செய்ய நேரமில்லாதவர் நாட்டின் டீசல் கவலையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஜட்ரோபா என்று ஒரு செடியாம். அதன் கொட்டையை ஆட்டினால் எண்ணெய், எண்ணெயைச் சுத்தம் செய்தால் டீசல். பஸ் ஓடும், ரயில் ஓடும். செடிக்குத் தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு வாய் வைக்காது. கம்பெனிக்காரர்கள் வாசலுக்கே வந்து கொட்டையை எடுத்துக்கொள்வார்கள். காற்றும் சுத்தமாகிவிடும். காற்று சுத்தமாகும் என்று அவர் சொன்ன நேரத்தில் ரோட்டில் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி போனது. தலையில் படிந்த வெள்ளைத் தூசியைத் துண்டால் தட்டிவிட்டு மேற்கொண்டு சொன்னார்.

சொன்னபடி நாற்று வந்து இறங்கியது. கருப்புப் பிளாஸ்டிக் பையில் வரிசை வரிசையாக வைத்திருந்தார்கள். கூடவே திட்டத்தைக் கவனிக்கிற ஆபீசர் ஒருவரும் வந்திருந்தார். சின்ன வயசு, நல்ல பிள்ளை, பேண்ட்டில் நெரிஞ்சி முள் ஒட்டுவதைப் பார்த்து அடிக்கடி குனிந்துகொண்டிருந்தார். நான் ஒரு நாற்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"ஏங்க, இது நம்ம வேலியில நிக்கிற காட்டாமணக்குங்க."

"அது வேற, இது வேற," என்றார் அவர். "அது தானா மொளச்சது. இது கவுர்மெண்டு நாத்து."

எங்கள் பக்கத்தில் காட்டாமணக்கை யாரும் செடியாகவே எண்ணுவதில்லை. ஆடு தின்னாது என்பதால் கொம்பை வெட்டி வேலியோரம் ஊன்றிவிடுவோம், அது பாட்டுக்கு நிற்கும். காம்பை ஒடித்தால் பால் வரும். பிள்ளைகள் அந்தப் பாலில் ஊதிக் குமிழி விடுவார்கள். நான் வேலியிலிருந்து ஒரு காம்பு, நாற்றிலிருந்து ஒரு காம்பு என்று ஒடித்து, ஆபீசர் முன்னாலேயே இரண்டிலும் ஊதிக் காட்டினேன். இரண்டு குமிழியும் ஒன்றுபோலப் பறந்தன. ஆபீசர் சிரித்துவிட்டார்.

"அதேதாம்மா. ஆனா இது உயர் ரகம்."

வேலியில் ஊன்றுகிற செடியைக் கொண்டுவந்து கொல்லைக்குள் நடச் சொல்கிறார்களே, அப்புறம் வேலிக்கு எதை வைப்பது என்று கேட்டேன். அதற்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை போலிருக்கிறது, ஆபீசர் குனிந்து பேண்ட்டிலிருந்து இன்னொரு நெரிஞ்சி முள்ளை எடுத்தார்.

ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். இலவசமாக வந்ததை வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டுபோய் ஏரிக்கரையிலும் ஒன்றுக்கும் ஆகாத கல்லாங்குத்திலும் குத்திவைத்துவிட்டு, அவரவர் கடலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். தரிசில் போடுங்கள் என்றுதான் ஆபீசரும் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு அதற்கு மேல் யோசித்தவர் எங்கள் ஊரில் ஒரே ஒருவர். அவருக்கு நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன்.

"தண்ணியே இல்லாம காய்க்கிற செடி," என்றார் அவர் என்னிடம். "அதுக்குத் தண்ணியும் வுட்டா எப்படிக் காய்க்கும்? யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். நெல்லுக்கும் கடலைக்கும் அப்படித்தானே. தண்ணீர் விட்டால் கூடத்தான் விளைகிறது. ஒரு விவசாயி தன் அனுபவத்தை வைத்து யோசித்தால் இந்த முடிவுக்குத்தான் வருவான். ஆபீசருக்கு விவசாய அனுபவம் இல்லாததால் அவர் தரிசோடு நின்றுகொண்டார். எங்களிடம் தண்ணீர் வசதியுள்ள நிலம் என்றால் அந்தக் கிணற்றுக் கொல்லை ஒன்றுதான். அது என் வெங்காயக் கொல்லை.

"அப்ப வெங்காயத்த எங்க நடுறது?"

"ஊடால நடு. யாரு வேணாங்கறா?"

ஊடாலதான் நட்டேன். பட்டறையில் இருந்த விதை முழுவதையும் காட்டாமணக்கு வரிசைகளுக்கு நடுவே நட்டேன். இடம் குறைச்சல்தான், ஆனாலும் விதைக்குத் தேறும் என்று கணக்குப் போட்டேன்.

காட்டாமணக்கு வளர்ந்ததைப் பற்றி இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அதன் பரம்பரையிலேயே அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. இவர் தண்ணீர் விட்டார், எரு போட்டார், களை எடுத்தார். இதுவரை பட்டினி கிடந்த வம்சம் விருந்தைக் கண்ட மாதிரி அது ஆளுயரத்துக்கு மேல் எழும்பியது. அத்தனையும் இலை. பூவைக் காணோம், காயைக் காணோம். ஆனால் போட்டோவில் இலைதானே தெரியும்? மாவட்டத்திலேயே இப்படிப் பச்சைப்பசேல் என்று ஒரு ஜட்ரோபா தோட்டம் இல்லை என்று ஆபீசர் சந்தோஷப்பட்டார். எங்கள் ஊர் எந்த மாவட்டம் என்பதையே ஒரு தடவை பிரித்தும் ஒரு தடவை சேர்த்தும் மாற்றியவர்கள் இந்த அரசாங்கத்தார். அவர்களுக்கு எங்கள் கொல்லை ஒன்றுதான் நிச்சயமாகத் தெரிந்தது. முன்மாதிரித் தோட்டம் என்று போர்டு வைத்தார்கள். அவர் செடிக்கு நடுவில் கைகட்டி நிற்பது போலப் பெரிய பிளக்ஸ் அடித்து அரியலூர் ஆபீசிலும் பெரம்பலூர் ஆபீசிலும் மாட்டினார்கள். 'டீசல்' என்ற பட்டம் அப்போது வந்ததுதான்.

அதன் பிறகு ஜீப் ஜீப்பாக ஆட்கள் வந்தார்கள். எங்கள் தோட்டத்தைப் பார்க்க வந்த வண்டிகள் குடித்த டீசலை எங்கள் தோட்டம் ஏழு ஜென்மத்துக்கும் தந்திருக்காது. வந்தவர்களுக்கெல்லாம் நான் டீ போட்டேன். ஒரு தடவை மெட்ராஸிலிருந்து வந்த ஓர் அம்மா அடுப்படியை எட்டிப் பார்த்து, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"இன்னுமா நீங்க விறகு அடுப்பு வச்சிருக்கீங்க?"

"ஆமாங்க. டீசல் இன்னும் காய்க்கல."

அந்த அம்மா அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். என்ன எழுதினாரோ. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் என்ன ஊற்றுவது என்று அத்தனை பேரும் பேசினார்கள். என் அடுப்பில் எதை வைப்பது என்று ஒருவரும் பேசியதில்லை.

இந்த ஜீப்புகளால்தான் என் அண்ணனோடும் உறவு முறிந்தது. எங்கள் பையனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அண்ணன் சீர்வரிசையோடு வந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான். அண்ணனுக்கு மாலை போட வேண்டிய என் வீட்டுக்காரரைக் காணோம். ஜீப் வந்துவிட்டது என்று கொல்லைக்கு ஓடிவிட்டார். பிள்ளை அழுகிறது, தட்டார் ஊசியோடு காத்திருக்கிறார், பந்தலில் உள்ள உறவெல்லாம் அண்ணன் முகத்தைப் பார்க்கிறது. அவர் திரும்பி வந்து மாலையை எடுத்தபோது அண்ணன் எழுந்துகொண்டான்.

"செடிக்குக் குடுக்கிற மரியாத மச்சானுக்கு இல்லன்னா எனக்கு இங்க என்ன வேல?"

சாப்பிடாமல் போய்விட்டான். அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. அப்பா அம்மா இரண்டு பேரும் அதற்கு முன்பே போய்விட்டதால் நடுவில் பேசிச் சேர்த்துவைக்கவும் யாரும் இல்லை.

வெங்காயம் எடுக்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. தாள் சாய ஆரம்பித்தால்தான் காய் முற்றியது என்று அர்த்தம், அது இன்னும் நிமிர்ந்து நின்றது. அந்தச் சமயத்தில் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று அரியலூர் ஆஸ்பத்திரியில் போய்த் தங்கினேன். திரும்பி வந்து கொல்லைக்குப் போனால் காட்டாமணக்குக்கு நடுவில் மண் மட்டும் பெருக்கிவிட்ட மாதிரிக் கிடந்தது. பிடுங்கிய வெங்காயம் பச்சைத் தாளோடு பட்டறை நிழலில் குவிந்திருந்தது.

"நாளைக்குப் பெரிய ஆபீசர் வராரு," என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். "ஊடால வேற வெள்ளாம இருந்தா பாக்க நல்லா இருக்காதுன்னுட்டாங்க."

"காய் முத்தலையேங்க. வெதைக்கு ஆவாதே."

"பட்டறையில போட்டா முத்தாதா?"

முற்றாது. பச்சையாகப் பிடுங்கிய வெங்காயம் பட்டறையில் வதங்கி அழுகத்தான் செய்யும். அது அவருக்கும் தெரியும். நான் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பத்து வருஷம் காப்பாற்றியதைக் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று பிடுங்கிப் போட்டுவிட்டார்களே என்ற ஆத்திரம். அவர் கொஞ்ச தூரத்தில் நின்று மண்ணைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் பெரிய ஆபீசர் வந்தார். கார் வரப்போரம் நின்றது. வெயில் என்பதால் இறங்கவில்லை, என்ஜினையும் அணைக்கவில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, "குட், குட்" என்றார். கண்ணாடி மறுபடி ஏறியது. போட்டோ எடுக்க வந்தவர் காரைத்தான் எடுத்தார். அவ்வளவுதான், தோட்டத்தைப் பார்வையிட்டாகிவிட்டது. வெங்காயம் ஊடால நின்றிருந்தால் அந்த இடுக்கு வழியாக அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கவே செய்யாது.

சாப்பாடு எங்கள் வீட்டில். அழுகப் போவதை ஏன் அழுகவிட வேண்டும் என்று, குவியலில் ஒரு பங்கை அரிந்து வெங்காயத்தாள் பொரியல் செய்திருந்தேன். பெரிய ஆபீசர் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதையே கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கேம்மா. இது எங்க வாங்கினது?"

"வாங்கலங்க. வெதைங்க."

"என்ன வெதை?"

"அடுத்த பட்டத்துக்கு நடுறதுக்குன்னு இருந்த வெதைங்க. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

சின்ன ஆபீசருக்குப் புரை ஏறியது. பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இலையைக் காட்டி, "வைங்க," என்றார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். என் வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்திப் பார்த்தார், கிளைகளை நறுக்கிக் கவாத்து செய்து பார்த்தார். செடிக்கு ஒரு கைப்பிடி காய் வந்தது. அதுவும் ஒன்று பழுத்தால் இன்னொன்று பச்சையாக இருக்கும், தினம் தினம் போய்ப் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கொட்டையைச் சாக்கில் கட்டிப் பட்டறையில் வைத்தோம். வெங்காயம் இருந்த இடத்தில் அது உட்கார்ந்துகொண்டது. வாசலுக்கு வருவதாகச் சொன்ன கம்பெனி எந்த வாசலுக்கும் வரவில்லை. சின்ன ஆபீசரை எங்கோ மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவரிடம் கேட்டதற்கு, அந்தத் திட்டம் இப்போது தன் கையில் இல்லை, மூலிகை ஏதாவது போடுகிறீர்களா என்று கேட்டார். கூட்டத்தில் கொடுத்த வாக்குறுதிகளில் ஆடு மட்டும்தான் தன் பங்கைக் காப்பாற்றியது. கடைசி வரைக்கும் ஓர் இலையைக்கூடக் கடிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் ஒருநாள் அவரே அரிவாளை எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் வெட்டினார். வெட்டிய கட்டையைக் காயவைத்து அடுப்பில் வைத்தேன். சோறு பொங்கவில்லை, புகை மட்டும் வீடு கொள்ளாமல் வந்தது. நாட்டையே ஓட்ட வந்த செடி ஓர் உலையைக் கொதிக்கவைக்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"கொல்லைய உழுது வச்சிட்டேன்," என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உங்க அண்ணங்கிட்ட அந்த வெதை இருக்குமுல்ல. போயி கேட்டுப் பாரேன். நான் சொன்னேன்னே சொல்லு."

அப்படிச் சொல்வது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு என் கோபத்தில் பாதி போய்விட்டது. அண்ணன் நட்டுக்கொண்டிருப்பதும் என் அப்பாவின் விதைதான். அவனிடம் ஒரு சாக்கு வாங்கி வந்து நட்டால் ஒரே பட்டத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மறுநாள் காலையிலேயே ஒரு காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அரியலூரில் மாறி, பெரம்பலூரில் மாறி, ஊர் போய் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கொல்லைக்கு நடந்தேன்.

கொல்லை முழுக்க ஆளுயரத்துக்கு மேல் காட்டாமணக்கு நின்றது.

அண்ணன் உள்ளேயிருந்து தண்ணீர் பாய்ச்சிய காலோடு வந்தான். என்னைப் பார்த்ததும் அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஏ தங்கச்சி! வா வா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"என்னண்ணே இது?"

"பெரம்பலூர் ஆபீசுல உன் வூட்டுக்காரரு போட்டோவப் பாத்தேன். ஏன், அவரு மட்டுந்தான் போட்டோவுல நிக்கணுமா? நாம போட்டா வளராதான்னு போட்டேன்." ஒரு செடியைத் தட்டிக் காட்டினான். "நீ ரெண்டையும் பாத்தவ. உண்மையச் சொல்லு. யாரோடது ஒசரம்?"

"வெங்காயம் எங்கண்ணே?"

"அதுக்கு எங்க எடம்? போன வருஷத்தோட வுட்டாச்சு. நீ சொல்லு, யாரோடது ஒசரம்?"

எங்கள் கொல்லையில் இப்போது ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"உன்னோடதுதாண்ணே," என்றேன்.

அவனுக்கு அது போதும். ஒரு வருஷத்துக் கோபம் தீர்ந்தவனாக என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனான். வாசலில் நுழையும்போதே அண்ணிக்குச் சத்தம் போட்டான்.

"இந்தா, யாரு வந்திருக்கா பாரு! கடைக்குப் போயி வெங்காயம் வாங்கிட்டு வந்து தங்கச்சிக்கு ஒரு குழம்பு வையி."

அண்ணி அவசரமாக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பை தேடினாள். கிடைக்கவில்லை. நான் கக்கத்தில் இருந்த சாக்கை எடுத்து நீட்டினேன். அவள் அதை விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன நாத்தனாரே, கால் கிலோ வெங்காயத்துக்கா இம்மாம் பெரிய சாக்கு?"